மல்லனின் அரைமணி

மல்லன் என்றதும் நம் நினைவில் எழுவது என்ன? விரிந்த மார்பு, திரண்ட தோள், தொடை தட்டும் ஓசை! சுவரொட்டி எழுதுபவன் அந்த மார்பைத்தான் வரைகிறான். சிலை வடிப்பவன் அந்தத் தோளைத்தான் செதுக்குகிறான். ஆனால், கோதாவில் இறங்கிப் பத்து நிமிடம் மற்போர் புரிந்து மீண்டவனைக் கேட்டுப் பாருங்கள். மார்பைப் பற்றி அவன் பேசமாட்டான். மூச்சைப் பற்றிப் பேசுவான். தோள் சோர்ந்த பிறகும் சோர மறுத்த நினைவைப் பற்றிப் பேசுவான்.

மற்போரின் தொடக்கத்தில் தசை போரிடுகிறது. சிறிது நேரம் செல்லட்டும். முன்கை கனக்கிறது, விரல்கள் பிடியை நழுவவிடுகின்றன, நெஞ்சு காற்றுக்குத் தவிக்கிறது. அந்த வேளையில் எதிரியின் இடக்கால் எங்கே நகர்கிறது, அவன் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கண்டுகொள்ளும் மனம் எவனிடம் இருக்கிறதோ, அவனே வெல்கிறான். மற்றவன் மண்ணைக் கவ்வுகிறான்.

களைப்பின் உச்சியிலும் கலையாத அந்தக் கவனம் எங்கிருந்து வருகிறது? பிறப்பிலா? வரத்திலா? தாயத்திலா? இதற்குப் பழங்கதைகள் ஒரு விடை தருகின்றன. வரலாறு வேறொரு விடை தருகிறது. இரண்டையும் எடைபோட்டுப் பார்ப்போம்.

பழங்கதையில் வரும் மல்லன் யார்? வாயுவின் மைந்தன் வீமன். காற்றுக் கடவுளின் பிள்ளைக்கு மூச்சு முட்டுமா? அவனை எதிர்த்து நின்ற சராசந்தனோ, இரு கூறாகப் பிறந்து ஒன்றாக ஒட்டப்பட்டவன். நாட்கணக்கில் போர் நடக்கிறது. எப்படி முடிகிறது? பயிற்சியால் முடிந்ததா? பக்கத்தில் நின்ற கண்ணன் குறிப்புக் காட்ட, வீமன் அவனை இரண்டாகக் கிழித்தெறிந்தான் என்று கதை முடிகிறது! பிறப்பு வலிமை தந்தது, தெய்வம் வழி சொன்னது. இடையில் உழைப்புக்கு என்ன வேலை? இந்தக் கதையைக் கேட்டு வளரும் ஏழை வீட்டுப் பிள்ளை என்ன எண்ணுவான்? "நான் காற்றின் மகனல்லன், கைத்தறிக்காரன் மகன். எனக்கு ஏது வலிமை?" என்றுதானே!

இனி, நம் பழந்தமிழ் இலக்கியத்தின் பக்கம் திரும்புவோம். சோழ மரபிலே கோப்பெருநற்கிள்ளி என்றொருவன் இருந்தான். முக்காவல் நாட்டு ஆமூரைச் சேர்ந்த மல்லன் ஒருவனோடு அவன் பொருது வென்றதைச் சாத்தந்தையார் என்னும் புலவர் மூன்று பாடல்களில் பாடியிருக்கிறார். புறநானூற்றில் 80, 81, 82 ஆகிய எண்களில் அவை இருக்கின்றன. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழைமையுடைய இந்தப் பாடல்களில் மற்போரின் பிடியே படமாகத் தீட்டப்பட்டிருக்கிறது. ஒரு கால் மல்லனின் மார்பை மிதித்து ஊன்றி நிற்கிறது. மற்றொரு கால் அவன் தப்பும் வழியை அடைத்து முதுகை வளைக்கிறது. இன்றைய மற்போர் ஆசிரியர் எவரும் இதைப் படித்தால், ஈராயிரம் ஆண்டுக்கு முன்னர்ப் பிடியின் நுட்பம் அறிந்தவர் பார்த்து எழுதியது இது என்று ஒப்புவார்.

ஆனால், நான் சுட்ட விரும்புவது 82ஆம் பாடலை. மன்னன் மகனின் மற்போர் வேகத்துக்கும் கவனத்துக்கும் உவமை தேடுகிறார் புலவர். இந்திரனையா அழைத்தார்? இல்லை. ஊர்க்கோடியில் கட்டில் பின்னிக்கொண்டிருந்த ஓர் உழைப்பாளியைக் கண்டார்! அவன் நிலை என்ன? ஊரிலே விழா தொடங்கிவிட்டது. அதற்குரிய வேலை அவனை அழைக்கிறது. வீட்டிலே மனைவிக்குப் பேறுகால வேதனை. வெளியிலே மழை. பொழுதோ சாய்கிறது. கையிலோ முடியாத கட்டில். நான்கு புறமும் நெருக்கடி. நடுவே வாரைச் செலுத்தும் ஊசி, தடுமாறாமல், தவறாமல், விரைந்து ஓடுகிறது. அந்த ஊசியின் ஓட்டம் போன்றது அரசிளங்குமரனின் மற்போர் என்கிறார் சாத்தந்தையார்.

எண்ணிப் பாருங்கள் தோழர்களே! அந்த உழைப்பாளியைச் சமுதாயம் எந்தப் பெயரிட்டு அழைத்தது? இழிந்தவன் எனப் பொருள்படும் சொல்லால் அழைத்தது. அந்தச் சொல்லைப் புலவரும் கையாளுகிறார். காலத்தின் கறை அது, மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும், கவனத்துக்கு இலக்கணம் எது என்று தேடியபோது அவர் கண் சென்று நின்ற இடம் அந்த "இழிந்தவன்" கை! வேந்தனுக்கு அளவுகோல் வேலையாள்! நெருக்கடியில் சிதறாத மனம் நாள்தோறும் உழைத்துப் பழகிய கையில்தான் குடியிருக்கிறது என்பதைப் புலவர் கண்டுகொண்டார். நம் புலவர்கள் பலர் உரை எழுதிப் புகழ்ந்த இந்தப் பாட்டின் உட்பொருளை, அந்தக் கட்டில் பின்னியவனின் பேரப்பிள்ளைகளிடம் எடுத்துச் சொன்னவர் எத்தனை பேர்?

இலக்கியம் உவமையாகச் சொன்னதை அறிவியல் அளந்தே காட்டியிருக்கிறது. இத்தாலி நாட்டுத் தூரின் நகரில் ஆஞ்செலோ மோசோ என்னும் உடலியல் அறிஞர் இருந்தார். விரலால் ஓர் எடையை மீண்டும் மீண்டும் இழுக்கச் செய்து, களைப்பு ஏறுவதைக் கோடாக வரையும் கருவியொன்றை அவர் அமைத்தார். தேர்வு நடத்தியும் விரிவுரை ஆற்றியும் மூளை களைத்த பேராசிரியர்களின் விரலை அதில் பூட்டினார். விரல் வேலை செய்யவில்லை, மூளைதான் வேலை செய்தது. எனினும் விரல் விரைவில் ஓய்ந்தது! 1891இல் "களைப்பு" என்ற பெயரிலேயே அவர் நூல் வெளிவந்தது.

வேல்சு நாட்டு ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதை மேலும் தெளிவாக்கியது. பதினாறு பேர். ஒரு நாள் 90 நிமிடம் மூளைக்குக் கடும் வேலை கொடுத்து, அதன்பின் மிதிவண்டி மிதிக்கச் செய்தார்கள். மற்றொரு நாள் மூளைக்கு வேலை தராமல் மிதிக்கச் செய்தார்கள். மூளை ஓய்ந்திருந்த நாளில் சராசரியாக 754 விநாடி தாங்கியவர்கள், மூளை களைத்த நாளில் 640 விநாடியில் நின்றுவிட்டார்கள். நெஞ்சத் துடிப்பிலும் தசையின் ஆற்றலிலும் இந்தக் குறைவுக்குக் காரணம் காணப்படவில்லை. உழைப்பு கடினமாக இருக்கிறது என்ற உணர்வுதான் முன்கூட்டியே வந்து கழுத்தைப் பிடித்தது!

உடல் வேறு, உள்ளம் வேறு. உடல் அழுக்கு, உள்ளம் தெய்வீகம் என்று பிரித்துப் பேசும் வேதாந்திகள் இந்த விரலையும் மிதிவண்டியையும் பார்க்கட்டும். மூளையும் உடலின் உறுப்பே. எடையில் உடலின் ஐம்பதில் ஒரு பங்கே இருந்தாலும், உடல் ஓய்ந்திருக்கும்போது செலவாகும் உயிர்க்காற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. சோறும் காற்றும் உறக்கமும் இல்லாவிட்டால் தசை சோர்வது போலவே சிந்தனையும் சோரும்.

அப்படியானால், களைப்பிலும் கலையாத மனத்தை வளர்ப்பது எவ்வாறு? கோதாவின் அன்றாட வேலையைப் பார்த்தால் விடை கிடைக்கும். மண்வெட்டியால் கோதா மண்ணைக் கொத்திப் புரட்டுவதே முதற்பயிற்சி. பிறகு தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை. இவை உடலைக் களைக்கச் செய்கின்றன. உடல் களைத்த பின்புதான் மெய்யான பாடம் தொடங்குகிறது. ஒருவன் நடுவில் நிற்பான். அவனோடு ஒருவன் மோதுவான். சில நிமிடம் கழித்து அவன் விலக, களைப்பறியாத மற்றொருவன் வருவான். அவனுக்குப் பின் இன்னொருவன். வருபவனெல்லாம் புதியவன், நிற்பவன் மட்டும் பழையவன்! அவனுக்கு வாத்தியார் சொல்வது புதிய வித்தை எதையும் அன்று. "மூச்சை அடக்காதே; வெளியே விடு. பல்லைக் கடிக்காதே. பிடியை எல்லா நேரமும் இறுக்காதே. இறுக்க வேண்டிய கணத்தில் இறுக்கு. முடிவை நினைக்காதே, அடுத்த பிடியை நினை."

இதிலே மந்திரம் எங்கே இருக்கிறது? களைக்காத நேரத்தில் ஆயிரம் முறை செய்து பழகிய பிடி, களைத்த நேரத்தில் சிந்தனையை எதிர்பாராமல் தானே வருகிறது. அதனால் மிஞ்சும் சிந்தனை எதிரியைக் கவனிக்கிறது. மேலும், நெஞ்சு படபடப்பதும் கை நடுங்குவதும் சாவின் அறிகுறி அல்ல என்பதைப் பலமுறை கண்டவன் அஞ்சுவதில்லை. அச்சம் குறைந்தால் மூச்சு சீராகிறது. மூச்சு சீரானால் கண் தெளிகிறது. பழக்கம், அறிவு, ஓய்வு ஆகிய மூன்றும் சேர்ந்து செய்யும் வேலை இது. அளவோடு ஏற்றும் களைப்பு மனிதனை வளர்க்கும். ஓய்வில்லாமல் ஏற்றினால் அதே களைப்பு அவனை அரித்துவிடும். உறக்கத்தில்தான் உடல் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. ஆகவே, ஓய்வும் பயிற்சியின் ஒரு பகுதி.

இந்த உண்மைக்குக் கொங்கு நாட்டிலேயே வாழ்ந்த சான்று உண்டு. 1888இல் தொடங்கப்பட்ட ஸ்டேன்ஸ் ஆலைக்குப் பின், 1932இல் பைக்காரா நீர்மின்சாரம் மலையிறங்கி வந்தது. கோவையைச் சுற்றி ஆலைகள் முளைத்தன. கரிசல் காட்டிலும் மேட்டு நிலத்திலும் வேலை செய்த குடியானவன் மகன் கதிர்களுக்கு நடுவே நின்றான். பஞ்சுத் தூசியும் இயந்திர இரைச்சலும் அவன் நாளை விழுங்கின. அந்த ஆலைத் தொழிலாளர்களில் ஒருவர்தாம் கோவை இராமநாதபுரத்தில் 1915இல் பிறந்த சின்னப்பா. ஏழ்மையால் பள்ளிப் படிப்பைத் தொடர முடியாதவர். பங்கஜா ஆலையில் கூலி வேலை பார்த்தவர். தோழர்களோடு சேர்ந்து வீரமாருதி தேகப் பயிற்சி சாலையை நடத்தியவர். உடற்பயிற்சியால் உலகப் புகழ் பெற்ற யூஜின் சாண்டோவின் பெயர் அவருக்கு அடைமொழியானது. ஊர் அவரைச் "சாண்டோ" சின்னப்பா தேவர் என்று அழைத்தது.

சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ படம் எடுத்த காலம் அது. சண்டைக் காட்சிக்கு வலுவான உடல் தேவைப்பட்டது. சின்னப்பா உள்ளே நுழைந்தார். 1947இல் வெளிவந்த "ராஜகுமாரி" படத்தில் எம்.ஜி.இராமச்சந்திரனோடு மோதினார். 1956இல் தேவர் பிலிம்ஸ் நிறுவனத்தின் முதற்படமான "தாய்க்குப்பின் தாரம்" வெளிவந்தது. 1978இல் அவர் மறையும்போது, ஆலைக் கூலியாக இருந்தவர் இந்தி உலகமும் அறிந்த படத் தயாரிப்பாளராக உயர்ந்திருந்தார்.

"அவர் முருக பக்தர் ஆயிற்றே! பயிற்சி சாலைக்கே அனுமனின் பெயரைத்தானே வைத்தார்?" என்று கேட்பவர் கேட்கலாம். ஆம், பக்தர்தாம், அதை மறைப்பானேன்? ஆனால் ஒரு கேள்வி. அதே அனுமனை வணங்கியவர்கள் கோவையில் ஆயிரம் ஆயிரம் பேர் இருந்தார்களே, அவர்களுக்கெல்லாம் அந்தத் தோள் வாய்த்ததா? தண்டால் எடுத்தவருக்கு வாய்த்தது! கூடத்தின் பலகையில் எந்தப் பெயரும் இருக்கட்டும். உள்ளே தரையில் சிந்தியது மனிதனின் வியர்வை.

இன்று காந்திபுரத்தில் பேருந்தை விட்டு இறங்குகிற இளைஞன், குளிரூட்டிய உடற்பயிற்சிக் கூடங்களையும் ஆளுயரக் கண்ணாடிகளையும் காண்கிறான். அங்கே சேர்வதில் தவறில்லை. கண்ணாடி காட்டுவது தோற்றத்தை மட்டுமே என்பதை அவன் மறவாதிருந்தால் போதும். ஆலை வேலை முடிந்த உடலோடு மண்ணில் இறங்கிப் பயின்றவர்களின் மன உறுதியை எந்தக் கண்ணாடியும் காட்டாது.

உலக அரங்குக்குச் செல்வோம். 1912ஆம் ஆண்டு, ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக். எஸ்தோனிய நாட்டவரான மார்ட்டின் கிளைன் ரஷ்யப் பேரரசின் சார்பில் களம் இறங்கினார். எதிரே பின்லாந்தின் ஆல்ஃபிரெட் ஆசிகைனன். அக்காலத்தில் போருக்குக் கால எல்லை இல்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு, மூன்று, ஐந்து, பத்து! அரைமணிக்கு ஒருமுறை சிறிது நேரம் நிறுத்தித் தாகம் தீர்த்துக்கொண்டு மீண்டும் மோதினார்கள். 11 மணி 40 நிமிடத்துக்குப் பின் கிளைன் வென்றார். வென்று என்ன பயன்? இறுதிப் போருக்கு எழ அவர் உடலில் வலு இல்லை. சுவீடனின் கிளாஸ் யோஹான்சன் மோதாமலே தங்கம் பெற்றார், கிளைனுக்கு வெள்ளி. மனிதனின் தாங்கும் ஆற்றல் எவ்வளவு பெரியது என்பதற்கும், அதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதற்கும் அந்த ஒரு நாளே சான்று.

அதற்கு இரண்டாண்டுகள் முன், 1910 செப்டம்பர் 10ஆம் நாள், இலண்டனில் நம் நாட்டுப் பயில்வான் காமா, போலந்தின் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோவைச் சந்தித்தார். காமாவின் பிடிக்கு அஞ்சிய ஸ்பிஸ்கோ தரையோடு தரையாகப் படிந்துகொண்டார். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் முயன்றும் அந்தப் பெரும் எடையைப் புரட்ட இயலவில்லை. போர் முடிவின்றி நின்றது. ஒரு வாரம் கழித்து மீண்டும் மோத வேண்டிய நாளில் ஸ்பிஸ்கோ களத்துக்கே வரவில்லை! பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1928இல், பாட்டியாலாவில் இருவரும் மறுபடி மோதினார்கள். இம்முறை ஒரு நிமிடத்துக்குள் ஸ்பிஸ்கோ மண்ணில் கிடந்தார். ஐம்பதை எட்டிய காமாவின் தோள் இளமையில் இருந்த தோளன்று. நாள் தவறாத பயிற்சியும், முதல் போரில் கற்ற பாடத்தை மறவாத மனமும் அந்த ஒரு நிமிடத்தை உருவாக்கின.

இனிச் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையின் நெஞ்சு. மராட்டிய மாநிலம் சதாரா மாவட்டத்தில் கோலேஷ்வர் என்றொரு சிற்றூர். அங்கே மண் கோதாவில் வளர்ந்தவர் கஷாபா தாதாசாகேப் ஜாதவ். 1948இல் இலண்டன் ஒலிம்பிக்குக்குச் சென்றபோது மெத்தை விரிப்பில் மற்போர் புரிந்து பழகாதவர். ஆயினும் ஆறாம் இடம் பெற்றார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குச் செல்லப் பணமில்லை. ஊரார் காசு திரட்டினார்கள். அவர் படித்த கோலாப்பூர் இராஜாராம் கல்லூரியின் முதல்வர் கர்டீகர் தம் வீட்டை அடகு வைத்து ஏழாயிரம் ரூபாய் தந்தார். அரண்மனைகளும் ஆலயங்களும் நிறைந்த நாட்டிலே ஓர் ஆசிரியர் தம் கூரையை அடகு வைத்தால்தான் ஒரு மல்லன் கப்பல் ஏற முடிந்தது!

ஹெல்சிங்கியில் கனடா, மெக்சிகோ, செருமனி வீரர்களைத் தாண்டி முன்னேறினார் ஜாதவ். பின்னர் ஜப்பானின் ஷோஹாச்சி இஷியோடு மோதினார். கால் மணி நேரம் நீண்ட கடும்போர், அதில் தோற்றார். மூச்சு அடங்கவில்லை, வியர்வை உலரவில்லை. அதற்குள் சோவியத் நாட்டு ரஷீத் மம்மத்பேயோவோடு மோத அழைப்பு வந்தது. இரண்டு போர்களுக்கு நடுவே வீரனுக்கு அரைமணி ஓய்வு தரவேண்டும் என்பது விதி. விதி ஏட்டில் இருந்தது. அதை எடுத்துக்காட்டி வாதாட வேண்டிய நம் நாட்டு அதிகாரி எவரும் களத்தருகே இல்லை! களைத்த உடலோடு ஜாதவ் இறங்கினார், தோற்றார். இஷி தங்கம் பெற்றார், மம்மத்பேயோவ் வெள்ளி, ஜாதவ் வெண்கலம்.

அந்த வெண்கலம் எத்தகையது தெரியுமா? விடுதலை பெற்ற இந்தியாவுக்குத் தனி ஒருவர் வென்று வந்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அடுத்த தனியாள் பதக்கத்துக்கு நாடு 1996 வரை, நாற்பத்து நான்கு ஆண்டுகள் காத்திருந்தது. ஊர் மக்கள் மாட்டுவண்டிகளை அணிவகுத்து அவரை வரவேற்றார்கள். அரசின் அர்ச்சுனா விருதோ, 1984இல் அவர் விபத்தில் மாண்டு பல ஆண்டுகள் சென்ற பிறகுதான் வந்தது.

ஜாதவிடம் உறுதி இல்லையா? இருந்தது. பயிற்சி இல்லையா? இருந்தது. மன ஓர்மை இல்லையா? கோதாவில் களைப்பறியாத தோழர்களை வரிசையாகச் சந்தித்துப் பழகிய மனம் அது. அவரிடம் இல்லாதது ஒன்றே. அவருக்காக "அரைமணி கொடு" என்று கேட்க ஒரு குரல்! வீரனின் நெஞ்சுரத்தைப் பாடுவதற்கு ஆயிரம் நாவுகள் இருக்கின்றன. அவனுடைய ஓய்வைக் கேட்டு வாங்க ஒரு நா இல்லை என்றால், அந்தப் பாட்டெல்லாம் எதற்கு?

இந்த அரைமணி என்ற சொல் கோவைத் தொழிலாளிக்குப் புதிதன்று. பஞ்சாலையில் வேலை செய்யும் வயதுவந்த ஆணுக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்னும் எல்லையே 1911ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது. 1922இல் அது பதினொன்றாயிற்று, 1934இல் பத்தாயிற்று. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நாளைக்கு ஒன்பது மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி என்று வரையறுத்ததோடு, தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதாயின் இடையில் அரைமணி ஓய்வு தரவேண்டும் என்றும் விதித்தது. மல்லனுக்கு விதி வகுத்தவர்களும் தொழிலாளிக்குச் சட்டம் வகுத்தவர்களும் ஒரே அளவை எழுதினார்கள்: அரைமணி! இரண்டும் ஏட்டில் எழுதப்பட்டவை. கேட்பவன் இருந்தால்தான் ஏட்டில் உள்ளது கைக்கு வரும்.

ஓடும் கதிரில் அறுந்த நூலைப் பிணைக்கிறவனின் கவனமும் மற்போர்க் கவனமே. கண் ஒரு கணம் தப்பினால் நூல் அறும். விரல் ஒரு கணம் தப்பினால் விரலே போகும். அவன் தோற்றால் புள்ளி குறையாது, உறுப்பு குறையும். களைத்தவனிடம் கவனத்தை எதிர்பார்ப்பவன், அவனுக்கு ஓய்வைக் கொடுத்துவிட்டு அல்லவா எதிர்பார்க்க வேண்டும்?

காந்திபுரம் பேருந்து நிலையத்துக்கு அருகிலேயே கோவை மத்தியச் சிறை இருக்கிறது. 1908 முதல் 1910 வரை அங்கே அடைபட்டிருந்தவர் வ.உ.சிதம்பரனார். அவர் செய்த "குற்றங்களில்" ஒன்று, 1908இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கியது. கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் அந்தப் போராட்டத்தின் வெற்றிகள். தொழிலாளிக்கு ஓய்வு வாங்கித் தந்தவரை ஓய்வின்றிச் செக்கிழுக்க வைத்தது வெள்ளை அரசு! அந்தச் சிறைவாழ்விலும் அவர் மனம் கலையவில்லை. ஜேம்ஸ் ஆலனின் நூலை "மனம்போல வாழ்வு" என்று தமிழாக்கித் தந்தார்.

இங்கே இளைஞன் ஒரு வேறுபாட்டைத் தெளிவாகக் காணவேண்டும். கோதாவில் மல்லன் ஏற்கும் களைப்பு, தானே விரும்பி, அளவறிந்து, வளர்ச்சிக்காக ஏற்பது. செக்கடியில் சிதம்பரனார் மீது சுமத்தப்பட்ட களைப்பு அவரை முறிப்பதற்காகச் சுமத்தியது. இரண்டிலும் மூச்சு வாங்கும். வியர்வை ஒன்றுபோலவே வழியும். "துன்பம் மனிதனைப் புடம்போடும், ஆகவே பொறுத்துக்கொள்" என்று உபதேசிப்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கி ஏழையை ஏமாற்றுகிறார்கள். சிதம்பரனார் முறியாமல் நின்றது அவருடைய பெருமை. அதனால் செக்கு நல்லதாகிவிடாது!

இன்னொரு பாதியையும் மறந்துவிடக்கூடாது. மற்போர் என்றால் ஆண்களுக்கே என்று எழுதாச் சட்டம் வைத்திருந்தோம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் அரியானாவின் சாக்ஷி மாலிக் அந்தச் சட்டத்தைக் கிழித்தெறிந்தார். ஒரே நாளில் ஐந்து போர்கள். காலிறுதியில் தோற்றார், மறுவாய்ப்பில் மீண்டார். ஐந்தாவது போரில் கிர்கிஸ்தானின் ஐசுலு டைனிபெகோவாவிடம் ஐந்து புள்ளிகள் பின்தங்கி, தம் கணக்கில் ஒரு புள்ளியும் இல்லாமல் நின்றார். மூன்று மூன்று நிமிடமாக இரண்டு சுற்றுகள், நடுவே அரை நிமிட இடைவேளை. இதுதான் இன்றைய விதி. அந்த இடைவேளைக்குப் பின் எழுந்து, கடைசி விநாடிகளில் புள்ளிகளைப் பறித்து, எட்டுக்கு ஐந்து என வென்று வெண்கலம் பெற்றார். ஒலிம்பிக்கில் பதக்கம் பெற்ற முதல் இந்திய மற்போர்ப் பெண் அவரே. நாள் முழுதும் களைத்த உடலில், கடைசி விநாடி வரை "இன்னும் முடியவில்லை" என்று விழித்திருந்த மூளையின் வெற்றி அது.

அந்த வீராங்கனைக்கு நாடு தந்த பரிசு என்ன? மற்போர்க் கூட்டமைப்பின் தலைவர் மீது பாலியல் தொல்லைப் புகார் எழுப்பி, 2023இல் அவரும் தோழியரும் தில்லித் தெருவில் அமர நேர்ந்தது. அந்த ஆண்டின் இறுதியில், கண்ணீரோடு மேசைமேல் காலணியைக் கழற்றி வைத்துக் களத்தை விட்டே விலகினார். ஒலிம்பிக் களத்தில் எதிரியிடம் குலையாத உறுதி அவருடையது. அதைக் குலைக்க வீட்டுக்குள்ளேயே ஆள் இருக்கிறார்கள் என்றால், நாம் பயிற்சி தரவேண்டியது யாருக்கு?

இளைஞனே! உறுதியான மனம் எவர் வீட்டுக்கும் பிறப்புரிமையாக வருவதில்லை. கட்டில் பின்னியவனின் ஊசி, ஆலைக் கூலியின் தண்டால், காமாவின் பதினெட்டு ஆண்டுப் பழக்கம், சாக்ஷியின் கடைசி விநாடி ஆகிய அனைத்தும் சொல்வது ஒன்றே: கவனம் கற்று வருவது, தாங்கும் ஆற்றல் பழகி வருவது. ஆகவே நீ பழகு. உன் தெருவிலே ஒரு கோதா வெட்டு. அதன் வாயிலில் சாதி கேட்காதே, பெண்ணென்று தடுக்காதே. தாயத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்டால் எடு. களைத்த பின்பும் ஒரு பிடியைச் சரியாகச் செய்து பழகு. செய்தபின் நன்றாக உண், நன்றாக உறங்கு, அதற்காக வெட்கப்படாதே.

பழகிய உறுதியை உன் வெற்றிக்கு மட்டும் வைத்துக்கொள்ளாதே. ஹெல்சிங்கிக் களத்தில் ஜாதவின் பக்கம் நின்று விதியேட்டைக் காட்ட அன்று ஒருவரும் இல்லை. ஆலையிலும், பட்டறையிலும், இரவெல்லாம் விளக்கெரியும் கணினி அலுவலகத்திலும் விரல் நடுங்கக் கவனத்தைப் பிடித்து வைத்திருக்கும் தோழனுக்கும் தோழிக்கும் பக்கத்தில் நீ இருக்கிறாய். அவர்களுக்குரிய அரைமணியைக் கேட்பது உன் கடமை. கேள்!